ஏர் இம்பாக்ட் கன்: டயர் கடையிலும் லாரிப் பட்டறையிலும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நட்டைக் கழற்றவும் இறுக்கவும் காற்றில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சை வைத்து வேலை செய்பவர்களுக்காகவும், புதிதாக வாங்கப் போகிறவர்களுக்காகவும் இந்தப் பக்கம். பட்டறையில் அதை எல்லோரும் 'கன்' என்றுதான் சொல்கிறார்கள் என்பதால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும். கார், லாரிச் சக்கர வேலைதான் இதில் பெரும்பகுதி. நம் ஊரில் கன் அதிகம் ஓடுவது அங்கேதான்.

இவ்வளவு சின்ன மெஷினுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது?

உள்ளே ஒரு ரோட்டர் இருக்கிறது. அதில் செருகியிருக்கும் மெல்லிய தகடுகளைக் காற்று தள்ளுவதால் அது வேகமாகச் சுற்றுகிறது. அதன் முன்னால் சுத்தியல் போன்ற ஒரு கனமான துண்டு உண்டு. நட்டு லேசாகச் சுழலும்வரை எல்லாம் ஒன்றாகவே சுற்றும். நட்டு முரண்டு பிடித்ததும், சுத்தியல் துண்டு மட்டும் விலகிச் சுற்றி வந்து, சாக்கெட் (நட்டைக் கவ்வும் குழல்) மாட்டும் தண்டில் அடிக்கும். நிமிடத்துக்குப் பல நூறு அடிகள் விழும். ஒவ்வொரு அடியும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால், எதிர்விசை உங்கள் கைக்குப் பெரிதாக வருவதில்லை.

இதில் வசதியும் ஆபத்தும் ஒன்றாகவே இருக்கின்றன. கையால் ஸ்பானர் போடும்போது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தோள் சொல்லிவிடும். கன்னில் அந்த உணர்வே கிடையாது. இறுக்கத்தின் (டார்க்) கணக்கில் 100 நியூட்டன் மீட்டரும் 400 நியூட்டன் மீட்டரும் கைக்கு ஒன்று போலத்தான் தெரியும்.

அப்படியானால் வீல் நட்டைக் கன்னாலேயே முழுசாக இறுக்கக் கூடாதா?

கூடாது. கழற்றுவதற்குக் கன், கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டும் கை ஸ்பானர். வேலை அவசரத்தில் நிறைய இடங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சாதாரண சிறிய கார்களுக்கு வீல் நட்டு இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கிறது. ஒரு நல்ல அரை இஞ்ச் கன் (சாக்கெட் மாட்டும் தண்டின் அளவு அது) 600-ஐத் தாண்டி அடிக்கும். டிரிகரை இரண்டு மூன்று விநாடி கூடுதலாகப் பிடித்தாலே ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) இழுபட்டுவிடும். அளவுக்கு மீறி இழுபட்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் ஓட்டத்தில் தளரும், இல்லாவிட்டால் முறியும். அலாய் வீலில் நட்டு உட்காரும் குழி நசுங்கும். ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் இறுகினால் பிரேக் டிஸ்க்கின் சமதளம் கெட்டு, பிரேக் மிதிக்கும்போது பெடல் அதிரும். வண்டிக்காரர் அதற்குப் பிரேக் பேடைத்தான் திட்டுவார்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே கன்னால் அடித்து இறுக்கிய நட்டை நாளைக்கு யாரோ ஒருவர், திண்டிவனம் தாண்டி இரவு நேரத்தில், டிக்கியில் கிடக்கும் ஒரு சாண் ஸ்பானரை வைத்துக்கொண்டு கழற்ற வேண்டியிருக்கும்.

செய்முறை இதுதான். முதலில் எல்லா நட்டையும் கையால் நாலைந்து சுற்றுப் பிடிக்க வைக்க வேண்டும். மரை கோணலாக ஏறினால் கைக்கு உடனே தெரியும். கன்னுக்குத் தெரியாது, அது மரையை அறுத்துக்கொண்டே உள்ளே போகும். அப்புறம் கன்னைக் குறைந்த பலத்தில் வைத்து, சக்கரம் நன்றாக உட்காரும்வரை மட்டும் ஓட்டலாம், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி. வண்டியை இறக்கிவிட்டு டார்க் ரெஞ்சில் முடிக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை சரிபார்க்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்புங்கள்.

லாரிக்கும் இதே கதைதான், எண்கள் மட்டும் பெரிது. 22 மி.மீ. ஸ்டட் போட்ட 10 நட்டு வீலுக்குப் பொதுவாக 550 முதல் 700 நியூட்டன் மீட்டர் கேட்பார்கள். ஒரு இஞ்ச் கன் 2000-ஐயும் தாண்டும். பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி மரை இருக்கும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போகாமல், ஸ்டட் முனையைத் துடைத்து எந்தப் புரி என்று முதலில் பாருங்கள்.

கன்னின் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்ட திருகு இருக்கிறதே, அதை வைத்து அளவாக இறுக்கலாமே?

அது காற்று போகும் வழியைக் குறைத்துக் கூட்டும் திருகு. டார்க் அளவு அல்ல. கம்ப்ரஸர் டாங்கில் காற்று குறைந்தால் அதே எண்ணில் இறுக்கம் குறையும், நிறைந்தால் கூடும். டார்க் ஸ்டிக் என்று விற்கும் நீட்டிப்புத் தண்டுகளும் அதிகமாகப் போய்விடாமல் தடுக்கும் அளவுக்குத்தான் உதவும். கடைசிச் சரிபார்ப்புக்கு அவை ஈடாகாது.

கம்ப்ரஸர் மீட்டர் 120 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. ஆனாலும் கன்னில் பலமே இல்லை. கன் போய்விட்டதா?

கன்னைப் பிரிப்பதற்கு முன் காற்றுப் பாதையைப் பாருங்கள். "கன் வீக் ஆகிவிட்டது" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் கன்னிலேயே இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

டாங்க் மீட்டர் காட்டுவது காற்று நிற்கும்போது உள்ள அழுத்தம். கன்னுக்குத் தேவை, டிரிகர் அழுத்தி ஓடும்போது கன்னின் வாயில் 90 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 6.2 பார். கன்னுக்கு அருகே ஒரு டி-ஜாயின்ட் போட்டுச் சின்ன மீட்டர் மாட்டி ஓட்டிப் பாருங்கள். டாங்கில் 120 இருக்கும்போதே இங்கே 60-க்கு இறங்குவதைப் பார்க்கலாம்.

நடுவில் எங்கே போகிறது? பெரும்பாலும் ஹோஸில். டயருக்குக் காற்றடிக்கும் 6 மி.மீ. துளை ஹோஸிலேயே கன்னையும் மாட்டிவிடுவார்கள். அரை இஞ்ச் கன்னுக்கு உள்துளை 10 மி.மீ. வேண்டும். 6-க்கும் 10-க்கும் பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் துளையின் பரப்பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரு இஞ்ச் கன்னுக்குக் குறைந்தது அரை இஞ்ச் ஹோஸ், முடிந்தால் முக்கால் இஞ்ச். ஹோஸ் நீளத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். சுருட்டிப் போட்ட ஐம்பது அடி ஹோஸும் காற்றைத் தின்னும். அடுத்தது கப்ளர், அதாவது ஹோஸை மாட்டிக் கழற்றும் இணைப்பு. சின்ன கப்ளர், ஒன்றோடு ஒன்று சேராத கப்ளர், உள்ளே ரப்பர் உப்பிய கப்ளர், இப்படி எங்காவது ஒரு இடத்தில் தொண்டை அடைத்திருக்கும்.

கம்ப்ரஸரின் கொள்ளளவையும் பாருங்கள். கன் பெட்டியில் போட்டிருக்கும் காற்றுச் செலவு, விட்டுவிட்டு ஓட்டும்போது வரும் சராசரி. விடாமல் அழுத்தினால் அது சில மடங்கு கூடும். சின்ன டாங்க் வைத்திருப்பவர்கள் இரண்டு நட்டுக்கு ஒருமுறை கொஞ்சம் நிறுத்தி, டாங்க் ஏற விடுவதுதான் வழி.

அழுத்தத்தையே 150-க்கு ஏற்றிவிட்டால்?

கன் வேகமாக அடிக்கும், வேகமாகவே சாகும். சுத்தியல், தண்டு, சாக்கெட் எல்லாம் 90 பி.எஸ்.ஐ. கணக்கில் செய்தவை. உடைந்து தெறித்தால் போகிற இடம் உங்கள் முகம். கம்ப்ரஸரின் சேஃப்டி வால்வை இறுக்கி அழுத்தம் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். டாங்க் வெடித்தால் பட்டறைக் கூரை மிஞ்சாது.

எண்ணெய் எது, எவ்வளவு, எப்போது?

ஏர் டூல் ஆயில் என்றே கிடைக்கும். கையேட்டில் வேறு சொல்லாவிட்டால் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 22 அல்லது 32 தரம் போதும். காலையில் வேலை தொடங்கும்முன் காற்று நுழையும் வாயில் நாலைந்து சொட்டு விட்டு, ஹோஸை மாட்டி, வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கிப் பிடித்துச் சில விநாடி மெதுவாக ஓட்ட வேண்டும். மாலையில் கடை சாத்தும்போது மறுபடி அதே. நாள் முழுக்க விடாமல் ஓடும் கன்னுக்கு மதியமும் ஒருமுறை. மாலை எண்ணெயைத்தான் பலர் மறக்கிறார்கள். உள்ளே மிஞ்சிய ஈரம் இரவெல்லாம் துருப்பிடிக்க வைப்பதைத் தடுப்பது அந்தச் சொட்டுகள்தான்.

இன்ஜின் ஆயில் வேண்டாம், அது கெட்டி. தகடுகள் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. துரு நீக்கும் ஸ்ப்ரே அழுக்கைக் கரைக்கும், ஆனால் மசகாக நிற்காது. அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விடுவதில் தப்பில்லை. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. காற்று விரிந்து வெளியேறும்போது கன்னின் உள்பகுதி குளிர்ந்துபோகும். 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை?

சுத்தியல் பகுதிக்கு எண்ணெய் போகாது, அதற்கு கிரீஸ். எந்த கிரீஸ், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது கன்னுக்குக் கன் மாறும். அளவுக்கு மேல் அடைத்தால் சுத்தியல் கிரீஸுக்குள் நீந்தும், அடி விழாது.

ஹோஸிலிருந்து தண்ணீர் வருகிறது. அது அவ்வளவு முக்கியமா?

கன்னை அதிகம் கொல்வது தண்ணீர்தான். ஒரு கணக்குப் பாருங்கள். 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம், அதாவது சென்னையிலோ நாகையிலோ சாதாரண ஒரு நாள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். நிமிடத்துக்கு 10 கன அடி இழுக்கும் கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் 17 கன மீட்டர் காற்றை உள்ளே வாங்கும். அதோடு சேர்த்து 400 கிராம் தண்ணீர். அமுக்கிய காற்று அவ்வளவு ஈரத்தைத் தாங்காது என்பதால் கால் லிட்டருக்கு மேல் டாங்கிலும் குழாயிலும் தண்ணீராகவே நிற்கும்.

தினமும் டாங்க் அடியில் உள்ள வால்வைத் திறந்து வடியுங்கள், மழைக்காலத்தில் இரண்டு வேளை. சுவரோரம் இரும்புக் குழாய் ஓட்டியிருந்தால், கீழிறங்கும் கிளைகளை மெயின் குழாயின் மேற்பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் தண்ணீர் நேராகக் கன்னுக்கு வரும். ஒரு ஃபில்டர் கட்டாயம். ஃபில்டர், ரெகுலேட்டர், எண்ணெய்க் கிண்ணம் மூன்றும் சேர்ந்த எஃப்.ஆர்.எல். யூனிட் நல்லதுதான், ஆனால் அதே லைனில் டயருக்குக் காற்றடிப்பீர்கள் அல்லது பெயின்ட் அடிப்பீர்கள் என்றால் எண்ணெய்க் கிண்ணம் வேண்டாம். எண்ணெய் கலந்த காற்று ட்யூப் ரப்பருக்கும் பெயின்ட்டுக்கும் ஆகாது. அந்த மாதிரிக் கடைகளுக்குக் கையால் சொட்டு விடுவதே சரி.

பளபளப்பான சாதாரண சாக்கெட்டை மாட்டலாமா?

மாட்டாதீர்கள். கை ஸ்பானருக்கான குரோம் பூசிய சாக்கெட் கடினமானது, அடி தாங்காது, வெடித்துத் தெறிக்கும். கன்னுக்குக் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்தான், ஆறு முனை உள்ளது. கன் தண்டில் அது கழலாமல் இருக்க வளையமோ, பின்னும் ரப்பர் ரிங்கும் சேர்ந்த அமைப்போ இருக்கும். ஒரு இஞ்ச் கன்னில் பின்னுக்குப் பதில் கட்டுக் கம்பியையோ ஆணியையோ செருகி ஓட்டுவதைப் பார்க்கலாம். அந்த ஆணி சுற்றும்போது பறந்தால் குண்டு மாதிரி.

விரிசல் விட்ட சாக்கெட்டையும், வாய் அகன்றதையும் குப்பையில் போடுங்கள். சாக்கெட் நட்டில் உட்காராமல் வெறுமனே முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

கப்ளரை நேராகக் கன்னிலேயே மாட்டினால் என்ன?

அதிர்வில் கப்ளர் சீக்கிரம் தேயும், ஒரு நாள் தானாகக் கழலும். கன்னில் ஓரிரு அடி நீளத் துண்டு ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையில் கப்ளர் வையுங்கள். கழன்ற ஹோஸ் சாட்டை போல வீசியடிக்கும். அதைப் பிடிக்கப் பாயாமல் வால்வை மூடுங்கள். பெரிய ஹோஸ் இணைப்புகளில் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு ஒயர் போடுவது நல்லது.

சாக்கெட் மாற்றுவதற்கு முன்னும் வரிசை இதுதான்: வால்வை மூடு, டிரிகரை அழுத்தி மிச்சக் காற்றை விடு, ஹோஸைக் கழற்று. விரல் டிரிகர்மேல் இருக்க ஒரு பட்டறைப் பையன் கன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அங்கேயே நிறுத்திச் சொல்லிக் கொடுங்கள்.

லாரியின் பின் டபுள் வீலைக் கழற்றும்போது தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

லாக் ரிங் போட்ட ரிம் (தனி இரும்பு வளையம் டயரைப் பிடித்து நிறுத்தும் வகை) என்றால் முதல் வேலை, நட்டைத் தொடும்முன் இரண்டு டயரிலும் காற்றை இறக்குவது. வால்வு உள்முள்ளையே எடுத்துவிடுங்கள். உள் டயர் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குக் காற்றை வீணாக்க வேண்டும் என்று வண்டிக்காரர் கேட்பார். லாரி டயரில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும். ரிம்மில் எங்காவது விரிசல் இருந்து, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது நட்டுகள்தான் என்றால், கடைசி நட்டு தளரும் நொடியில் ரிங் பறக்கும். டிரைவரின் நேரத்தைவிட உங்கள் தலை பெரிது, காற்று மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

அப்புறம், கன்னின் அதிர்வில் ஜாக்கி நகரும். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, நட்டுகளின் முதல் தளர்வைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே எடுத்துவிட்டு, பிறகு தூக்கி, ஜாக்கிக்குத் துணையாக ஸ்டாண்ட் கொடுங்கள்.

துருப்பிடித்த நட்டு அசையவே இல்லை. கேஸ் வைத்துச் சூடாக்கலாமா?

டயர் ரிம்மில் இருக்கும்போது சூடு கிட்டேயே போகக் கூடாது. காற்றை இறக்கிவிட்டாலும் கூடாது. ரிம் சூடாகும்போது டயரின் உள்பக்க ரப்பர் சிதைந்து எரியும் வாயு உருவாகும். அது தீப்பற்றி டயர் வெடிக்கும். ரிம்மில் வெல்டிங் வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

துரு எண்ணெய் போட்டு ஊற விடுங்கள். கன்னால் ஐந்து முதல் பத்து விநாடிக்கு மேல் ஒரே நட்டில் அடிக்காதீர்கள். அதற்குள் அசையாதது ஒரு நிமிடம் அடித்தாலும் அசையாது, கன்தான் தேயும். ஒருமுறை லேசாக இறுக்கும் பக்கம் அடித்துவிட்டுக் கழற்றும் பக்கம் அடித்தால் சில சமயம் துரு விடும். அதுவும் இல்லை என்றால் பெரிய கன், அல்லது கையால் சுற்றும் பல்சக்கரப் பெட்டி வைத்த டார்க் மல்டிப்ளையர். கடைசியில் நட்டை வெட்டுவதுதான்.

இயர் பிளக், கண்ணாடி எல்லாம் நிஜமாகவே தேவையா?

தேவை. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பரவலாக ஏற்ற கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். பெரிய கன் தகரக் கொட்டகைக்குள் 100-ஐச் சுலபமாகத் தாண்டும். காது போவது வலிக்காது, வீட்டில் டி.வி. சத்தத்தை மற்றவர்கள் குறைக்கச் சொல்லும்போதுதான் தெரியும். பஞ்சு வைப்பது போதாது.

கண்ணுக்குப் பக்கமும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி. பவர் கண்ணாடி அதற்கு ஈடில்லை. தோளில் துண்டு, தொங்கும் கயிறு, தளர்ந்த கையுறை எதுவும் சுற்றும் சாக்கெட்டில் மாட்டும்; கையை ஒட்டிய கையுறை போடுங்கள்.

அதிர்வு இன்னொரு பிரச்சினை. வருடக்கணக்கில் கன் பிடித்தவர்களுக்கு விரல் மரத்துப்போவதும், குளிரில் விரல்நுனி வெளுப்பதும் வரும். விரல்களின் ரத்த நாளமும் நரம்பும் பாதிக்கப்படுவதன் அறிகுறி அது. முற்றினால் திரும்பாது. கன்னை இறுக்கிப் பிழியாமல் தேவைக்கு மட்டும் பிடியுங்கள், ஆளை மாற்றி மாற்றி வேலை கொடுங்கள். விரல் வெளுக்க ஆரம்பித்தால் மருத்துவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் அதே காற்றில் சட்டைத் தூசியைத் தட்டலாமா?

வேண்டாம். தோலில் சிறு காயம் இருந்தால் காற்று உள்ளே புகும், கண்ணில் துகள் ஏறும். இதைவிடக் கொடுமை காற்றை வைத்து விளையாடுவது. 2024 மார்ச்சில் பெங்களூருவில் பைக் சர்வீஸ் கடை ஒன்றில் நண்பர் ஒருவர் விளையாட்டாக ஆசனவாயில் காற்றடித்ததில் குடல் சிதைந்து ஓர் இளைஞர் இறந்தார். இது அங்கே மட்டும் நடந்த ஒன்று அல்ல. பட்டறையில் சின்னப் பையன்கள் இருந்தால் முதலாளி முதல் நாளே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

கரன்ட் இல்லாதபோது ஆக்சிஜன் சிலிண்டரில் கன்னை ஓட்டலாமா?

ஒருபோதும் கூடாது. கன்னுக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.

கன்னில் என்ன கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுற்றுகிறது ஆனால் அடிக்கவில்லை என்றால் சுத்தியல் பகுதி. அடிக்கிறது ஆனால் மந்தம் என்றால், காற்றுப் பாதை சரியா என்று பார்த்த பிறகு, வாயில் உள்ள சின்ன வலையையும் காற்று வெளியேறும் மஃப்ளரையும் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகுதான் தகடுகள். தகடு தேய்ந்தால் ஒரு செட்டாக மாற்ற வேண்டும். டிரிகரை விட்ட பிறகும் புஸ் என்று காற்று போனால் வால்வு ரப்பர். கொஞ்ச நாள் சும்மா கிடந்த கன் சுற்றவே இல்லை என்றால் தகடு ஒட்டியிருக்கும். எண்ணெய் விட்டு ஊற வைத்து, காற்றுக் கொடுக்காமல் தண்டைக் கையால் இரு பக்கமும் திருப்பினால் பெரும்பாலும் விடும். பெட்ரோல் ஊற்றிக் காற்றுக் கொடுப்பது சிலருக்குப் பழக்கம். பெட்ரோல் புகையைக் காற்றோடு கலந்து பட்டறைக்குள் ஊதுவது தீ விபத்துக்கு அழைப்பு.

பழைய கன்னை வாங்கலாமா?

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கும். ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள், ஆனால் வெறும் ஓட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெறுமனே எல்லாக் கன்னும் கத்தும். இறுகிய ஒரு நட்டில் போட்டுப் பாருங்கள், முன்னும் பின்னும். சாக்கெட் மாட்டும் சதுரத் தண்டின் மூலைகள் உருண்டிருந்தால் வேண்டாம், அந்தத் தண்டின் விலையை விசாரித்தால் ஏன் விற்கிறார்கள் என்று புரியும். வாயைக் கீழே கவிழ்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தண்ணீர் சொட்டினால் உள்ளே துரு.